காட்டுக்குக் கேமராவோடு கிளம்புமுன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் ஏதாவதொரு காட்டோரமோ கழிமுகமோ போய் வருவது என் வழக்கம். ஃபிலிம் கேமரா காலத்தில் பிடித்த பைத்தியம், 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. வருகிற ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"சிங்கப்பூர்ல ஏதுங்க காட்டு விலங்கு? மண்டாய் விலங்குத் தோட்டத்துல டிக்கெட் எடுத்தாத்தானே பாக்க முடியும்?"

புளோக்குக்குக் கீழே இறங்கி நின்றாலே மாங்குயில் கண்ணில் படும். இந்தச் சின்னத் தீவில் இதுவரை 400-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. சட்டப்படி இயற்கைக் காப்பகம் என்று நான்கு இடங்கள்: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார். இவை போக பூங்காக்கள், பழைய ரயில் பாதை, புலாவ் உபின் தீவு. சுங்கை பூலோவில் உப்புநீர் முதலை திறந்தவெளியில் வெயில் காய்கிறது. அதற்கு டிக்கெட் கிடையாது.

இன்னொன்று, இங்கே இருப்பதில் பல ஒரு காலத்தில் இல்லாமல் போனவை. இருவாச்சி 19-ஆம் நூற்றாண்டிலேயே காணாமல் போய், 1994-ல் உபினில் திரும்பத் தென்பட்டது. நீர்நாய் 1998 வாக்கில் மறுபடி வந்து குடியேறியது. இப்போது இருவாச்சி அடுக்குமாடிக் கம்பியில் உட்கார்ந்து சன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறது.

"எந்த கேமரா வாங்கலாம் அண்ணா? ரெண்டாயிரம் வெள்ளி ஒதுக்கியிருக்கேன்."

முதலில் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். ஆறு மாதம் அதை மட்டும் தூக்கிக்கொண்டு அலையுங்கள். இதைச் சொன்னால் முகம் சுருங்காதவரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் சொல்கிறேன், பறவை எங்கே வந்து உட்காரும் என்று தெரியாதவருக்கு எந்த லென்ஸும் உதவாது.

அப்புறம் மிச்சக் காசில் யாரோ வாங்கி அலுத்துப்போன கேமராவையும் 100-400 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் பழையதாகத் தேடலாம். பெரிய 600 மி.மீ. லென்ஸ்கள் 10,000 வெள்ளியைத் தாண்டும், கனமும் அதற்கேற்ப. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி என்று வைத்துத் தொடங்குங்கள். நம் காடுகளுக்குள் இருட்டு அதிகம் என்பதால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறும், படத்தில் புள்ளி விழும். விழட்டும். ஆடிப்போன படத்தைவிட புள்ளி விழுந்த படம் மேல்.

"அண்ணே, எங்கிட்ட ஃபோன் மட்டும்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு. நான் வரலாமா?"

கிராஞ்சி பக்கம் விடுதியில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது. ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். வரச் சொன்னேன். நடைபாதையோரம் ஒரு செடியைப் பார்த்ததும் அவர்தான் முதலில் நின்றார். "இது எங்க ஊரு முசுறுல்ல?" என்றார். சிவந்த எறும்புகள் பத்துப் பன்னிரண்டு, ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி, இரண்டு இலைகளின் ஓரத்தை இழுத்துப் பிடித்திருந்தன. வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் பிடித்து, தறியில் நாடா போவதுபோல் இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக ஆட்டின. புழுவின் வாயிலிருந்து வருகிற பட்டுநூலில் இலை தைக்கப்படுகிறது. தம்பி ஃபோனை இரண்டு அங்குலத்தில் பிடித்து வீடியோ எடுத்தார். நாலு கடியும் வாங்கினார். அன்றைக்கு என் பெரிய லென்ஸில் விழுந்ததெல்லாம் ஒரு மைனா.

ஃபோனுக்குத் தோதானவை சின்ன உயிர்கள்தான். தட்டான், சிலந்தி, மரத்தண்டில் ஒட்டிக்கொண்டு தாடியை விரிக்கும் பறக்கும் ஓணான். சூமை இழுக்காதீர்கள், அசையாமல் உட்கார்ந்து கிட்டே வரவிடுங்கள். சுங்கை பூலோவுக்குக் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925 பஸ். நுழைவுக் கட்டணம் இல்லை.

"எத்தனை மணிக்குப் போகணும்? எந்த மாசம் நல்லாருக்கும்?"

வருடம் முழுக்க சூரியன் இங்கே ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது. ஒன்பதரைக்குள் வெளிச்சம் கடுமையாகிவிடும். ஆக, உங்களுக்கு உள்ளது இரண்டரை மணி நேரம். சாயங்காலம் ஐந்துக்கு மேல் இன்னொரு வாய்ப்பு. புக்கிட் தீமா போன்ற காப்பகங்களில் மாலை 7 முதல் காலை 7 வரை உள்ளே இருக்கக்கூடாது, நினைவிருக்கட்டும்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளின் காலம். சைபீரியா வரையிலிருந்து உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் வந்து இறங்குகின்றன. பலரும் கோட்டை விடுவது கடலின் ஏற்ற இறக்கத்தை. சுங்கை பூலோவுக்கு நீர் ஏறும் நேரத்தில் போங்கள். வெளியே சேற்றுவெளி மூழ்கியதும் பறவைகள் உள்குளங்களுக்கு, நம் கண்ணெதிரே வந்துவிடும். உபினின் செக் ஜாவா கரையோரத்துக்கு நேர்மாறு, நீர் வற்றும் நேரம்தான் எல்லாம் வெளியே தெரியும். சாங்கி முனையிலிருந்து படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

"லென்ஸுக்குள்ள வெள்ளையா நூலாம்படை மாதிரி தெரியுது. துடைச்சாலும் போகல."

பூஞ்சை. இங்கே காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். துணி அலமாரியில் பையோடு வைத்தால் இதுதான் கதி. டிரை கேபினெட் (ஈரம் அண்டாத பெட்டி) ஒன்று வாங்கி 40-50 விழுக்காட்டில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்து நேரே வெளியே நீட்டினால் கண்ணாடி வியர்க்கும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள்.

"ரெண்டு மணி நேரம் நின்னாச்சு, ஒண்ணுமே வரலையே. உங்களுக்கு மட்டும் எப்படி?"

எனக்கும் வருவதில்லை, வந்த நாளின் படத்தை மட்டும்தானே காட்டுகிறேன்.

சரி, நின்ற இடத்தில் என்ன செய்தீர்கள்? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறினீர்களா? ஒருமுறை சுங்கை பூலோவில் சேற்றில் துள்ளும் மீன் ஒன்றை 40 நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். செவுளில் தண்ணீரை அடக்கிக்கொண்டு, துடுப்பை ஊன்றி ஊன்றி, கிழவர் தடியோடு நடப்பதுபோல் வந்தது. வளைக்குள் தலைகீழாகப் போய் வாய் நிறையச் சேற்றை அள்ளி வந்து வாசலில் துப்பியது. மறுபடி போனது. நான் அசையாமல் இருந்ததில், பக்கத்துக் கொம்பில் மீன்கொத்தி ஒன்று நண்டோடு வந்து உட்கார்ந்துவிட்டது. நண்டைக் கொம்பில் டக் டக்கென்று அடித்தது. ஒவ்வொரு காலாக உதிர்ந்து விழுந்தது. படம் எட்டு எடுத்தேன். மீன்கொத்தியைத் தேடி நான் போகவில்லை.

"எவ்வளவு பக்கத்துல போகலாம்? ஒரு கணக்கு சொல்லுங்க."

மீட்டர் கணக்கு சொன்னால் தப்பாகிவிடும். பூங்காவில் மனிதரோடு பழகிய நாரை மூன்று மீட்டரில் சும்மா நிற்கும், சேற்றுவெளி உள்ளான் 50 மீட்டரில் பறந்துவிடும். விலங்கைப் பாருங்கள். மேய்ந்துகொண்டிருந்தது நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியதா? கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கிறதா? அங்கேயே நில்லுங்கள், இரண்டடி பின்னால் வாருங்கள். திரும்ப மேய ஆரம்பித்தால் சரி.

பறக்கும்போது எடுக்க வேண்டுமென்று கூட்டத்தை வேண்டுமென்றே கிளப்பிவிடுகிறவர்கள் உண்டு. சுங்கை பூலோவில் கருவி பொருத்திய சிவப்புக்கால் உள்ளான்கள் இமயமலையைத் தாண்டிப் போனது பதிவாகியிருக்கிறது. அந்தப் பயணத்துக்கான கொழுப்பைத்தான் இங்கே சேற்றில் குத்திக் குத்திச் சேர்க்கின்றன. ஒவ்வொருமுறை கிளப்பும்போதும் அதில் கொஞ்சம் போகிறது.

முதலைக்கு மட்டும் ஒரே கணக்கு: பாதையை விட்டு இறங்காதீர்கள். குரங்குகளுக்கு இன்னொன்று, பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். உள்ளே லென்ஸ் துணி இருந்தாலும் அவற்றுக்கு அது சாப்பாடு.

"ஒரே ஒரு மீன் போட்டா கழுகு வந்துடும். பறவைச் சத்தம் ஃபோன்ல போட்டா கிட்ட வந்துடும். இதுல யாருக்கு நஷ்டம்?"

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, காட்டுயிர்களுக்கு வேண்டுமென்று உணவிடுவது சிங்கப்பூர் முழுவதும் குற்றம். முதல் தடவைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், திரும்பச் செய்தால் 10,000 வரை. மீன் மூழ்காமல் மிதக்கட்டும் என்று அதன் வயிற்றில் ஸ்டைரோஃபோம் திணித்துக் கழுகுக்குப் போட்ட கதை இங்கே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்த மீனைக் கழுகு விழுங்கினால் ஸ்டைரோஃபோமும் சேர்ந்து உள்ளே போகும், படத்தில் அது தெரியாது.

சத்தம் போடுவது வேறு விஷயம். பதிவுக் குரலைக் கேட்கும் ஆண் பறவைக்கு, தன் எல்லைக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்றுதான் படும். இரைதேடலை விட்டுவிட்டு, கூட்டை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். ஒருவர் போட்டுப் போன பிறகு அடுத்தவர் வருவார். நம் வீட்டு வாசலில் யாரோ நாள் முழுக்க சண்டைக்குக் கூப்பிட்டால் சோறு இறங்குமா?

"அப்போ அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைக்கக் கூடாதா? இதெல்லாம் நம்ம சாமி காரியம்ல?"

கஷ்டமான கேள்வி. மேலே சொன்ன சட்டம் காகத்துக்கும் புறாவுக்கும் சேர்த்துத்தான், காரணம் திதியா பொழுதுபோக்கா என்று அது பிரிப்பதில்லை. அதோடு இங்கே அதிகம் காணும் வீட்டுக் காகம் இந்தத் தீவின் சொந்தப் பறவை அல்ல, வெளியிலிருந்து வந்து பெருகியது. சோறு கூடினால் காகம் கூடும். காகம் கூடினால் சின்னக் குருவிகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து.

என் அம்மாவோடு இதில் பல வருடம் வாக்குவாதம். சன்னல் விளிம்பில் வைப்பார், நான் எடுப்பேன், பேச்சு நின்றுபோகும். கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். அப்பா படத்துக்கு முன் இலை போட்டுப் படைத்து, கும்பிட்டு, அந்த இலையில் எங்களில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவது. "காக்கா சாப்பிட்டா என்ன, அவர் பேரன் சாப்பிட்டா என்ன" என்றார். உங்கள் வீட்டில் என்ன முடிவு என்பது உங்கள் பெரியவர்களோடு பேசிக்கொள்ள வேண்டியது.

"எங்க பால்கனி செடியில தேன்சிட்டு கூடு கட்டுது. உள்ள குஞ்சைப் படம் எடுக்கலாமா?"

கொடுத்துவைத்தவர். சிலந்திநூலும் நாரும் சருகும் சேர்த்த தொங்கும் பை, மேலே சின்னத் தாழ்வாரத்தோடு ஒரு வாசல். அறைக்குள்ளிருந்து, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம். செடியை நகர்த்தாதீர்கள், மறைக்கும் இலையைக் கிள்ளாதீர்கள், ஃபோனைக் கூட்டு வாசலில் நீட்டாதீர்கள். தண்ணீர் ஊற்றுவதைத் தாய் வெளியே போயிருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகள் பறக்கும்வரை துணி உலர்த்த வேறு இடம் பாருங்கள்.

இலையைக் கிள்ளக்கூடாது என்று இவ்வளவு அழுத்தமாக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைசிக் கேள்வியில் வரும்.

"எந்த இடம்னு ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க? பொறாமையா?"

கொஞ்சம் பொறாமையும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நீர்நாயும் முதலையும் எங்கே என்று கேட்டால் பஸ் எண்ணோடு சொல்கிறேனே. கூடு, ஆந்தை அடையும் மரம், கூண்டுக்காகப் பிடிக்கப்படும் பறவை, இந்த மூன்றுக்கும்தான் வாயைத் திறப்பதில்லை.

மலாயில் பாராவ்-பாராவ் என்கிற பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னான் குடும்பம், வைக்கோல் நிறத் தலை, குரல் அவ்வளவு இனிமை. அந்தக் குரலே அதற்கு எமன். வட்டாரம் முழுக்கக் கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்து, 2018-ல் மிக அருகிய இனம் என்று உலகப் பட்டியலில் ஏறியது. இன்றைக்கு உலகில் அதற்கு எஞ்சியிருக்கும் நல்ல புகலிடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. அதைப் படமெடுத்து மரத்தின் அடையாளத்தோடு வாட்ஸாப்பில் போட்டால், பார்ப்பவர்களில் ஒருவனுக்குக் கண்ணி வைக்கத் தெரிந்திருந்தால் போதும். ஐநாச்சுரலிஸ்ட் செயலியில் பதிந்தால், ஆபத்திலுள்ள இனங்களின் சரியான இடத்தை அதுவே மறைத்துக் காட்டும். அங்கே தாராளமாகப் பதியுங்கள்.

"படம் எடுத்தா காடு பொழைச்சிடுமா? கட்டடம் கட்டணும்னு முடிவு பண்ணா கட்டத்தானே போறாங்க?"

நடையில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், பெரும்பாலும் இளவட்டம். இரண்டு பதிலும் என்னிடம் உண்டு.

பிழைத்த கதை செக் ஜாவா. உபினின் கிழக்கு ஓரத்தில் நிலமீட்புக்கு, அதாவது கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு, குறிக்கப்பட்ட இடம். 2001-ல் அங்கே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரிய வந்ததும் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். தொண்டூழியர்கள் கட்டம் கட்டமாகப் பிரித்து உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். சுவா ஈ கியாம் என்ற பல் மருத்துவர் அதைப் படம் படமாகப் பதிவு செய்தவர்களில் ஒருவர். கடல் நட்சத்திரம், கடற்குதிரை, கடற்புல் வெளி. அந்த ஆண்டு டிசம்பரில் நிலமீட்பு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்புதான், ரத்து இல்லை. ஆனாலும் 2007-ல் அங்கே மரப்பாதை திறந்தார்கள், இன்றும் நாம் அதில் நடக்கிறோம். சுங்கை பூலோவும் அப்படித்தான். 1986-ல் பறவை பார்க்கிறவர்கள் கண்டு, பட்டியல் போட்டு, அரசுக்கு எழுதிக் கேட்டது. 1993-ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தது, 2002-ல் சட்டப்படி காப்பகமானது. அந்தத் தலைமுறையின் குரல்களில் ஒன்று 2019-ல் காலமான சுபராஜ் ராஜதுரை. பறவையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் சொல்லிவிடுகிற மனிதர்.

பிழைக்காத கதை பிடாடரி. பழைய இடுகாடு. கல்லறைகளை எடுத்த பிறகு மரமடர்ந்து, வலசை வழியில் பறவைகள் இறங்கி இளைப்பாறும் தோப்பானது. சீசனில் அங்கே கேமராவை வைக்க இடமிருக்காது. ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தோம். இப்போது அங்கே வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள், நடுவில் பூங்கா ஒன்று. வீடும் மனிதருக்கு வேண்டியதுதான், என் அக்கா மகள் அங்கேதான் வீடு வாங்கியிருக்கிறாள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நானும் யோசித்திருக்கிறேன். நிலத்தின் தேவை, காலம் எல்லாம் வேறுவேறு. ஆனால் எனக்கு உறுத்துவது ஒன்று. செக் ஜாவாவில் எடுத்தவை எந்த உயிர், எந்த நாள், எத்தனை என்று எழுதிய படங்கள். பிடாடரியில் நான் எடுத்தது பூராவும் அழகு. என் படங்களில் முக்கால்வாசிக்குத் தேதி இல்லை. இப்போதெல்லாம் மங்கலான படமாக இருந்தாலும் தேதியோடும் எண்ணிக்கையோடும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடுகிறேன். தேசிய பூங்காக் கழகம் பொதுமக்களை வைத்துப் பறவைக் கணக்கெடுப்பும் நடத்துகிறது. பயிற்சி தருகிறார்கள், யாரும் சேரலாம்.

"நீர்நாயைக் காப்பாத்தினது போதாதா? எங்க காண்டோ (தனியார் அடுக்குமாடி) குளத்துல கோய் மீன் அத்தனையும் காலி."

உங்கள் கோபம் நியாயம், மீனின் விலையும் எனக்குத் தெரியும். ஆனால் ஆற்றைச் சுத்தம் செய்தது நாம். 1977 முதல் பத்தாண்டு சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவாக்கினோம், மற்ற நீர்நிலைகளும் மெல்ல மெல்லத் தேறின. மீன் வந்தது, மீனைத் தேடி அது வந்தது. கோய்க்கும் கெளுத்திக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. வேலியின் இடைவெளியை அடையுங்கள், வடிகால் வாயில் கம்பி போடுங்கள், இரவில் குளத்துக்கு வலை. குட்டிகளோடு இருக்கும் குடும்பத்தை ஃபோனோடு துரத்தாதீர்கள், கடிக்கும்.

"கண்ணாடியில மோதி விழுந்த பறவை கிடந்தா?"

வலசைக் காலத்தில் அடிக்கடி நடப்பது, முக்கியமாகப் பிட்டா. நம்மூர் ஆறுமணிக்குருவியின் சொந்தம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டாக, அமைதியாக விடுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். தேசிய பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணை அழையுங்கள். இறந்திருந்தாலும் சொல்லுங்கள், அதுவும் பதிவு.

"இதுல சம்பாதிக்க முடியுமா?"

நான் கப்பல் பட்டறையில் சம்பாதித்தேன்.

"இவ்ளோ சொல்றீங்களே, நீங்க தப்பே பண்ணினதில்லையா?"

1996. வீட்டுக்குப் பின்னால் புதரில் சின்னான் கூடு, மூன்று குஞ்சு. ஸ்லைடு ஃபிலிம், ரோலுக்கு 36 படம், ஒவ்வொன்றும் காசு. கூட்டின்மேல் ஒரு கிளை நிழலடித்தது. சணல் கயிற்றால் அதை ஒதுக்கிக் கட்டினேன். காலை வெளிச்சம் நேரே குஞ்சுகளின் வாயில் விழுந்தது, உள்ளே ரோஜா நிறம் பளபளத்தது. எடுத்து முடித்ததும் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன். கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டேன்.

மறுநாள் போனபோது கூடு மட்டும் இருந்தது. வெயிலா, காகமா, தெரியவில்லை. தாய் பக்கத்து மரத்தில் புழுவை வாயில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது.

அந்தப் படத்துக்கு ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். ஸ்லைடு இன்னும் டிரை கேபினெட்டில் இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன். எல்லாரும் முதலில் வெளிச்சத்தைப் பாராட்டுகிறார்கள். இடது மேல் மூலையில் சணல் தெரியும்.